பதினெட்டாம் மாடியில் ஒருவரும் வேலை செய்வதில்லை

வேலும் மயிலும் துணை

மொன்றியல், 20.1.2025

அன்புத் தங்கச்சி ஜெகாவுக்கு,

போன கிழமைப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், இவர், மகன் தனோஜன், மகள் சாருஜா, சாருஜாவோடு லொங்குய்ய் என்ற இடத்துக் காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்யும் பார்கவி. ஐந்து பேர். ஆறாவதாக, நீ பார்க்கச் சொல்லி அனுப்பிய அந்தச் சீன நாடகம் ‘பதினெட்டாம் மாடி’யும் வந்து ஹோலில் குந்திக்கொண்டது.

இங்கே எல்லோரும் சுகம். பனி விழுந்தால் என் முழங்கால் மட்டும் வேறு வீட்டுக்காரர் மாதிரி நடக்கிறது. உன் காதுக்குப் போட்ட புதுக் கருவி இரைகிறதா? போனில் நான் கத்த, நீ “என்ன, என்ன” என்று கேட்க, பிறகு இருவரும் களைத்துப் போவோம். ஆகவே டாப்லட்டில் ஒரு விரலால் இதைத் தட்டுகிறேன். நிதானமாக வாசி.

பிள்ளை, என்ன நாடகமடி அது? கண்ணாடிக் கட்டடம். ஆளுக்கொரு கோப்பிக் கோப்பையோடு நடக்கிறார்கள். ஒருத்தியின் வேலையை மற்றவள் பறிக்கிறாள், அவள் காலை இன்னொருத்தி வாருகிறாள். அந்தக் கொம்பனி என்னதான் விற்கிறது என்று இவரிடம் கேட்டேன். “ஆரெண்டாலும் அகப்பட்டால் ஆளை விக்கும்” என்றார். பெண்பிள்ளைகள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிறுத்தி நிறுத்தி, “இதுதான் எங்கட மீட்டிங்” என்று சாருஜா சொல்ல, “ஆன்ட்டி, எங்க மேனேஜர் யோசெப்பின் இதே மாதிரிதான் தலையாட்டுவாங்க” என்று பார்கவி ஆட்டிக் காட்டினாள்.

பார்கவி கோயம்புத்தூர்ப் பிள்ளை, கலகலப்பானவள். எங்கள் அஹுன்ட்சிக் பகுதியில்தான் ஒரு பேஸ்மென்டில் தனியே இருக்கிறாள். “போன ஸ்பிரிங்ல ரூமுக்குள்ள கணுக்கால் தண்ணி ஆன்ட்டி. இன்ஷூரன்ஸைக் கூப்பிட்டா பாட்டு ஓடிட்டே இருக்கு. நானே இன்ஷூரன்ஸ்ல வேலை பாக்குறேன், எனக்கே இந்தக் கதி!” என்றாள். தண்ணீருக்குள் நிற்பவர்களின் அழைப்பை முதலில் எடுக்கும்படி ஒரு திட்டம் யோசித்து வருகிறாளாம். கந்தோரில் குழுத் தலைவி வேலை ஒன்று வரப்போகிறது, சாருஜாவுக்குக் கிடைக்கும் போல இருக்கிறது. முருகன் பார்ப்பான்.

இன்னும் அந்தக் குப்பையைப் பார்க்கிறாயா? ஏன் என்று எழுது.

அன்புடன்
அக்கா செல்வமலர்


கொழும்பு, 3.2.2025

அன்பான அக்காவுக்கு,

கடிதம் கண்டேன். அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருப்பது சந்தோசம். கருவி இரைகிறது. கழற்றி வைத்துவிட்டால் நிம்மதி, ஆனால் வாசல் மணி கேட்காது.

ஏன் பார்க்கிறேன் என்று கேட்டீர்கள். எங்கள் ஆட்களின் நாடகத்தில் அழும்போது முகத்தைப் பொத்திக்கொள்வார்கள், உதட்டைப் பார்த்து விளங்க முடியாது. இதில் ஒவ்வொரு சொல்லும் கீழே எழுத்தாக வருகிறது. காது உள்ளவர்களும் நானும் ஒரே நேரத்தில் சிரிக்கிறோம். இது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியாது.

குப்பை என்கிறீர்கள். கப்பல் கொம்பனியில் தலை நரைக்கும்வரை இருந்தவள் சொல்கிறேன், அது அப்படியே உண்மை. மேலதிகாரி யாருக்கு முதலில் தேநீரை நீட்டுகிறார், யார் கதிரையை யாருக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுகிறார், எல்லாம் அளந்து வைத்திருக்கிறார்கள். கந்தோரில் ஒருவரும் கத்தி எடுப்பதில்லை அக்கா. மின்னஞ்சலில் ஒருவர் பெயரை விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். கதாநாயகி லின் இனித்தான் நிமிரப் போகிறாள், விடாமல் பாருங்கள்.

அந்தத் தண்ணீர்த் திட்டம் பார்கவியினதா, இருவரும் சேர்ந்து செய்வதா? சும்மா கேட்கிறேன்.

உங்கள் தங்கச்சி
ஜெகதீஸ்வரி


மொன்றியல், 24.2.2025

அன்பான ஜெகாவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே வாசலில் பனி இடுப்பளவு. தனோஜன் வழித்து வழித்து முறைக்கிறான்.

நீ சொன்னதற்காகப் பார்த்தேன். நல்லதையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. லின் தன் உழைப்பில் நிற்கிறாள். அவள் தாய் கொழுக்கட்டை மாதிரி ஒன்றைச் செய்து அனுப்புகிறாளே தவிர, எப்போது கல்யாணம் என்று நச்சரிப்பதில்லை. கீழே பிரெஞ்சு எழுத்தைப் போட்டு வைத்தால் எனக்கும் சொற்கள் வருகின்றன. ‘துரோகம்’ என்பதற்குப் பிரெஞ்சில் என்ன என்று இப்போது தெரியும். அது ஒன்றுக்குத்தான் அடிக்கடி வேலை வருகிறது.

மற்றதெல்லாம் அருவருப்பு. லின்னின் வீட்டில் சாப்பிட்ட மெய் என்பவளே லின்னின் வேலையைக் களவெடுக்கிறாள். லின் என்ன செய்தாள்? மெய்க்கு உதவி செய்த அந்தக் கண்ணாடி போட்ட பெட்டையின் குறிப்புகளை எடுத்துத் தன் பெயரில் கூட்டத்தில் வைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள், எங்கள் ஹோலிலும் தட்டினார்கள். கண்ணாடிப் பெட்டைக்கு வேலை போய்விட்டது. பிறகு அவளை ஒரு பாகத்திலும் காணோம், ஒருவரும் கேட்கவும் இல்லை. பெட்டி தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போனவள் அப்படியே போய்விட்டாள். இவ்வளவு பேரையும் மோதவிட்ட ஹே என்ற மனிசன் கடைசியில் பெரிய ஞானி போல ஜன்னலருகே நிற்கிறான். சீ!

உன் கேள்விக்குப் பதில்: திட்டம் சாருஜாவினது. அவளே சொன்னாள். பார்கவி தண்ணீர்க் கதையைச் சொன்னதோடு சரியாம். இப்போது முழுவதும் தன்னுடையது என்கிறாளாம். “அம்மா, அவ இனி எங்கட வீட்டுக்கு வரமாட்டா, கூப்பிடாதேங்கோ” என்றாள் சாருஜா. எங்கள் வீட்டில் கை நனைத்த பிள்ளை, மெய் மாதிரி வந்துவிட்டாளே!

கந்தோர் முடிவு அடுத்த மாதம். கோயிலில் அர்ச்சனை செய்யப் போகிறேன்.

அன்புடன்
அக்கா


கொழும்பு, 10.3.2025

அன்பான அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் தாங்க முடியவில்லை, உங்கள் பனியில் ஒரு சட்டி அனுப்பலாம்.

கண்ணாடிப் பெட்டையைப் பற்றி இவ்வளவு யோசிக்காதீர்கள். அவள் துணைப் பாத்திரம். கதையில் எல்லோருக்கும் கதை வைக்க முடியுமா?

அர்ச்சனை செய்வதென்றால் பிள்ளையின் பெயருக்கு மட்டும் செய்யுங்கள். மற்றவர்களின் பெயரை இழுக்க வேண்டாம். வேறு விசேடம் இல்லை.

ஜெகதீஸ்வரி


மொன்றியல், 30.3.2025

அன்பான ஜெகாவுக்கு,

நீ சுகமாயிருக்க வேண்டும். நான் சுகமில்லை. காய்ச்சல் தடிமல் ஒன்றுமில்லை, மனம்தான்.

நீ வேண்டாம் என்று எழுதியும் செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போனோம். முதலில் சாருஜாவின் பெயருக்கு அர்ச்சனை. பிறகு, முடிவு எடுப்பவளுக்கு நல்ல புத்தி வரட்டுமே என்று, யோசெப்பினின் பெயருக்கும் ஒன்று கொடுத்தேன்.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன நட்சத்திரம்?”

“தெரியாது ஐயா. வெள்ளைக்காரி.”

“வெள்ளைக்காரியும் ஏதோ ஒரு நட்சத்திரத்திலதானே பிறந்திருப்பா” என்று சொல்லி, சுவாமியின் கார்த்திகையையே போட்டு, கோயில் முழுக்கக் கேட்க “யோசெப்பின் நாமதேயஸ்ய” என்று சொன்னார். இவர் தூணுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

தீபாராதனை முடிந்து திரும்பினால் பின்னால் பார்கவி நிற்கிறாள். கண் முழுக்க நீர். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“ஆன்ட்டி, யோசெப்பினுக்கு நல்ல புத்தி குடுக்கச் சொல்லி எனக்காகவா அர்ச்சனை பண்ணீங்க? சாருஜா சொல்லிட்டாளா?”

பிடித்த கையை விடாமல் அவளே சொன்னாள்:

“இந்த மாசத்தோட என்னைப் போகச் சொல்லிட்டாங்க ஆன்ட்டி. கான்ட்ராக்டைப் புதுப்பிக்கல. நான் ராத்திரியெல்லாம் உக்காந்து செஞ்ச பிளானை யோசெப்பின் யாரோ செஞ்சதுன்னு நினைச்சிட்டிருக்காங்க. எங்கயோ பேர் மாறிப்போச்சு. சாருஜாவுக்கு எல்லாம் தெரியும், பக்கத்துலயே இருந்து பார்த்தவ. யோசெப்பின்கிட்டப் பேசறேன்னு சொல்லியிருக்கா. அவ மட்டும் இல்லேன்னா...” என்று சொல்லி, கோயில் என்றும் பாராமல் குனிந்து என் காலைத் தொட்டாள்.

நான் “எழும்பு பிள்ளை” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். காரில் வரும்போது இவர் “என்னவாம்?” என்று கேட்டார். “சும்மா” என்றேன். வீட்டுக்கு வந்தால் சாருஜா கேக்கோடு நிற்கிறாள். குழுத் தலைவி ஆகிவிட்டாளாம்.

பொங்கலன்று பார்கவி அந்தத் திட்டத்தைச் சொன்னது என் காதாலே கேட்டது. உனக்கும் எழுதினேன். அப்படி எழுதியவளே பிறகு சாருஜாவினது என்றும் எழுதினேன். கேக்கைத் தட்டோடு மேசையில் வைத்துவிட்டேன். அவளிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

நீ ஏன் அன்றைக்கு “சும்மா கேட்கிறேன்” என்று எழுதினாய்? உனக்கு ஏதாவது தெரியுமா?

அக்கா


கொழும்பு, 12.4.2025

அன்பான அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துக்கள். கடிதம் வந்தது. காது வைத்தியரிடம் அலைச்சலாக இருக்கிறது, கண்ணும் எரிகிறது. ஆறுதலாக எழுதுகிறேன். சாருஜாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

ஜெகா


மொன்றியல், 21.4.2025

ஜெகாவுக்கு,

நீ நலமாயிரு. இங்கே பனி உருகி ஓடுகிறது.

சாருஜாவிடம் கேட்டேன். குசினியில், மீனை வெட்டிக்கொண்டே கேட்டேன், முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்று.

“அம்மா, ஐடியா சொல்லுறது ஆரும் சொல்லலாம். அதை யோசெப்பினுக்கு விளங்கிற மாதிரி பிரெஞ்சில எழுதினது நான். பிரசன்டேஷன் செய்தது நான்.”

“அவளின்ர பேரைப் போட்டனியோ?”

“அது டீம் வேர்க்.”

“டீம் எண்டால் ரெண்டு பேர் எல்லோ இருக்க வேணும்? போட்டனியோ, இல்லையோ?”

“இல்லை.” பிறகு சொன்னாள்: “கோயில் இல்லையம்மா இது, ஒஃபீஸ். லின்னும் அதைத்தானே செய்தவள்? அப்ப நீங்களும் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்!”

கத்தியை வைத்துவிட்டேன். “பாத்தனான். கை தட்டயில்லை” என்றேன்.

“பார்கவிக்கு யோசெப்பினோட கதைக்கிறன் எண்டு சொன்னியாமே?” என்றும் கேட்டேன்.

“பின்ன, அவ அழுதுகொண்டு நிண்டா வேற என்ன சொல்லுறது?”

ஜெகா, களவெடுத்ததைக் கூட ஒரு மாதிரி விளங்கிக்கொள்ளலாம். எடுத்தவளே முதுகைத் தடவிக் கொடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் பெற்ற பிள்ளை என் முன்னே நிற்கிறாள், நான் கை கழுவிக்கொண்டே இருக்கிறேன், மீன் மணமா என்ன மணமா என்று தெரியவில்லை.

கடைசியாக ஒன்று சொன்னாள். “நான் தனிய முடிவெடுக்கயில்லை. சித்தியிட்ட மெசேஜில கேட்டுத்தான் செய்தனான்.”

இந்தச் சித்தி யார் என்று எனக்கு எழுது.

செல்வமலர்


கொழும்பு, 11.5.2025

அக்காவுக்கு,

சுகம் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். முழங்கால் எப்படி?

ஆம், நான்தான். உங்கள் பொங்கல் கடிதத்துக்குப் பிறகு, ஜனவரி கடைசியில் சாருஜா எழுதினாள்: “சித்தி, நானும் பார்கவியும் ஒரு திட்டம் செய்யிறம், ஆரின்ர பேர் முதல்ல போறது?” நான் எழுதினேன்: உன் பெயரை முதலில் போடு, காத்திருக்காதே. அதன் பிறகுதான் சந்தேகம் வந்து உங்களிடம் கேட்டேன். நீங்கள் சாருஜாவினது என்று எழுதினீர்கள். ஆனால் மார்ச் தொடக்கத்தில் அவள் இரண்டாம் முறை எழுதியபோது, பார்கவியின் பெயரே அதில் இல்லை என்று விளங்கிவிட்டது. நான் வேண்டாம் என்று எழுதவில்லை. “துணிந்து நில்” என்று எழுதினேன். உங்களுக்கு வெயிலைப் பற்றி எழுதினேன்.

ஏன் என்றால், சொல்கிறேன். கந்தோரில் எனக்குக் காது மந்தமானது தெரிந்ததும் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். நான் பழக்கிவிட்ட பெடியன் எனக்கு மேலே வந்து இருந்தான். நான் சிரித்துக்கொண்டு தேநீர் வாங்கிக் குடித்தேன். அந்தச் சீன நாடகத்தில் ஒருத்தி திருப்பி அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. சாருஜாவாவது அடி வாங்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். யாருக்கு அடி விழும் என்று நினைக்கவில்லை.

நீங்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டு அருவருக்கிறீர்கள் அக்கா. வெளியே போய் வந்தவளுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. இதையும் சொல்லாமல் விட மனமில்லை.

ஜெகதீஸ்வரி


மொன்றியல், 8.6.2025

வேலும் மயிலும் துணை

அன்புத் தங்கச்சி ஜெகாவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. இவரும் தனோஜனும் சுகம். சாருஜா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள், என்னோடு கதைப்பதில்லை.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம். கப்பல் கொம்பனியில் உனக்கு நடந்ததை இத்தனை காலம் எனக்குச் சொல்லவில்லையே, அதிலும் கோபம். நான் வீட்டுக்குள் இருந்தவள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்குள் இருந்தவளுக்கு மூக்கு இருக்கிறது, ஜெகா. உனக்குச் செய்தவனை நினைத்தால் அருவருக்கிறது. அதையே நீ இன்னொரு பிள்ளைக்குச் செய்யச் சொல்லிக் கொடுத்தது அதைவிட அருவருக்கிறது. வேண்டுமென்றால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்.

போன கிழமை பார்கவியின் இடத்துக்குப் போனேன். இரண்டு பஸ் தரிப்பிடம்தான், இவ்வளவு நாளும் போகவில்லை. பேஸ்மென்டில் நிலத்தில் இருக்க வேண்டிய சாமான் எல்லாம் கட்டிலுக்கு மேலே இருந்தது. கதிரையில் இருந்த துணியை எடுத்துவிட்டு “உக்காருங்க ஆன்ட்டி” என்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் எங்கேயும் தானாக மாறவில்லை, என் மகள்தான் மாற்றினாள் என்று சொன்னேன்.

எடுத்த துணியை மடித்துக் கட்டிலில் வைத்தாள். பிறகு, “அப்ப அன்னைக்குக் கோயில்ல?” என்று கேட்டாள்.

“அது உனக்கில்லைப் பிள்ளை. சாருஜாவுக்குத்தான்.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எழுத மாட்டேன். “நான் எங்கம்மாகிட்டச் சொல்லிட்டேனே. மான்ட்ரியல்ல எனக்காக அர்ச்சனை பண்ண ஒருத்தங்க இருக்காங்கன்னு. அவங்க ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க” என்றாள். அதற்குப் பிறகு என்னை ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை, “நீங்க” என்றுதான் பேசினாள்.

அவளுக்கு டவுன்டவுனில் ஒரு கொம்பனி வேலை தரத் தயாராக இருக்கிறது. அந்தத் திட்டத்தைத் தான் செய்ததாக அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் யோசெப்பினைக் கேட்டிருக்கிறார்கள். யோசெப்பின் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள், அது சாருஜாவின் வேலை என்று. இப்போது பார்கவி பொய்க்காரி. இந்த மாத முடிவுக்குள் அதைத் திருத்தாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் ஜூலையில் அவளின் விசா அனுமதியும் முடிகிறது, நாட்டை விட்டுப் போக வேண்டும்.

“உங்க பொண்ணு யோசெப்பினுக்கு உண்மையை எழுதுவாளா?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். திட்டவில்லை.

வீட்டுக்கு வந்து சாருஜாவிடம் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். மறுநாள் சப்பாத்து மாட்டும்போது, “எழுதினால் என்ர வேலையும் போகும் அம்மா” என்றாள்.

“போகட்டும். வீட்டில சோறு இருக்கு” என்றேன்.

“உங்களுக்கு இதெல்லாம் விளங்காது. சித்திக்கு விளங்கும். சித்தி சொல்லட்டும், எழுதிறன்” என்று சொல்லிவிட்டு மெட்ரோவுக்கு ஓடினாள்.

என்னிடம் தப்புவதற்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நீ சொல்ல மாட்டாய் என்று நினைக்கிறாள். முருகனுக்கு முன்னால் நின்றும் பார்த்தேன். இதற்கு அர்ச்சனை சீட்டு எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, வெறும் கையோடு திரும்பி வந்தேன். இது அவன் செய்ய வேண்டிய வேலை இல்லை, நீ செய்ய வேண்டியது.

அவளுக்கு எழுது. யோசெப்பினிடம் போய் பார்கவியின் பெயரைச் சொல்லு என்று, வளைக்காமல், ஒரு வரியில் எழுது. உன் சொல்லைக் கேட்டுச் செய்தவள், உன் சொல்லைக் கேட்டுத் திருத்தட்டும். வேலை போனால் அந்தப் பழியை நான் சுமக்கிறேன், அவளிடம் அதையும் எழுது.

இந்த மாதம் முடிய அதிக நாள் இல்லை. எழுதினாய் என்றோ, எழுத மாட்டேன் என்றோ, எதுவானாலும் எனக்குத் தெரிய வேண்டும். பார்கவிக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

விரைவில் பதில் போடு.

உன் அக்கா
செல்வமலர்